டெல்மருக்காக ஒரு ஜெபம்

மினசோட்டாவின் டால்பெர்க் ஊரில் இருப்பது ஒரே ஒரு கிளினிக். அதன் வரவேற்பு ஜன்னலுக்குப் பின்னால் ஆர்லிஸ் உட்கார ஆரம்பித்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. நோயாளிகளின் ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல்செட், யாருடைய முழங்கால் இரும்பு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கணவனிடம்கூட மூச்சு விட மாட்டாள். கடவுளிடம் சொல்வது மட்டும் அந்தக் கணக்கில் வராது என்று நினைத்திருந்தாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை டெல்மர் ரோஸ்டாட் வந்தார். அறுபத்தெட்டு வயது, சோள விவசாயி, மனைவி இறந்து ஆறு வருடம். காத்திருப்பு அறையில் நாற்காலிகள் காலியாக இருந்தும் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே இருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு மூலத்துக்கு அறுவைச் சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார். தேதி குறித்துக் கொடுத்தபோது டெல்மரின் முகம் வெளிறிப்போயிருந்தது. அறுவடை நேரம், வீட்டில் ஆள் இல்லை, எதிர்வீட்டில் இருக்கும் சொந்தத் தம்பி ஓரினோடு வாய்க்கால் தகராறில் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. ஆர்லிஸின் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெப விண்ணப்பச் சீட்டை எடுத்தாள். நோயை எழுதவில்லை. தேதியை எழுதவில்லை. 'டெல்மர் ரோஸ்டாட்' என்று பெயரை மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டாள்.

போதகர் லிண்டால் அதை மூன்றாவது பெயராக வாசித்தார். முதல் இரண்டு பேரும் புற்றுநோயாளிகள். போதாததற்கு, வாராவாரம் வரும் டெல்மர் அன்று வரவில்லை. மரப்பலகையில் ஒரு மணி நேரம் உட்கார அவரால் எப்படி முடியும்? சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் டெல்மர் வீட்டுக்கு ஒன்பது ஹாட்டிஷ் வந்து சேர்ந்தன. கறியைப் போட்டு, மேலே உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுட்டு, மூடிமேல் அவரவர் பெயரை ஒட்டிய தட்டுகள். ஒருவர் தட்டோடு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அறுவடை இயந்திரத்தை விற்கிற யோசனை இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

மளிகைக் கடையில் ஆர்லிஸை மடக்கினாள் ஒருத்தி. "எத்தன மாசம் தாங்குவாராம்?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா."

"தலைய மட்டுமாவது ஆட்டேன்."

"ஆட்டக் கூடாது."

அடுத்த வரிசைக்கு ஆர்லிஸ் போவதற்குள் பேச்சு முந்திக்கொண்டு போய்விட்டது. "ஆர்லிஸே வாயத் தொறக்க மாட்டேங்குறா. அப்படின்னா கிறிஸ்துமஸ் தாண்ட மாட்டாரு."

எல்லாம் தான் எழுதிப் போட்ட ஒரு சீட்டிலிருந்து கிளம்பியது என்பது ஆர்லிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. புதன்கிழமை காலை மேலாளர் ரெனேயிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். அவளுக்கு முன்பே டெல்மர் ஜன்னலில் நின்றார்.

"நான் சாகப்போறேன்னு எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்றார்.

ஆர்லிஸ் அவரை ரெனேயின் அறைக்கு அழைத்துப் போனாள். ரெனே நகரத்திலிருந்து வந்த இளம்பெண், எதற்கும் படிவம் வைத்திருப்பவள். கதவைச் சாத்தினாள். "உக்காருங்க" என்றாள். டெல்மர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சரி, நில்லுங்க" என்றாள்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இந்த வதந்திக்கு மூல காரணம் யாருன்னு கண்டுபிடிச்சாகணும்" என்றாள் ரெனே.

டெல்மர் கூரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் ஆர்லிஸ். "ஜெபத்துக்குப் பேர் எழுதிக் குடுத்தேன். பேர் மட்டும்தான். உங்களுக்காகத்தான் டெல்மர்."

ரெனே பேனாவைக் கீழே வைத்தாள். "பேர் உனக்கு எங்கிருந்து கெடச்சுது? இந்த ஜன்னல்லருந்து. அப்ப பேர் மட்டும்னாலும் மீறல்தான் ஆர்லிஸ்."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் டெல்மர். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்களே வாசல்ல ஒரு அறிவிப்பு ஒட்டிடுங்க."

"முடியாதுங்க. நீங்க இங்க வந்தீங்கன்னே நாங்க சொல்லக் கூடாது."

"சொல்லிட்டீங்களே."

"அது தப்பு. அதே தப்ப இன்னொரு தடவ பண்ணி அதச் சரிபண்ண முடியாது. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு முறையா கடிதம் எழுதுவோம். அரசாங்கத்துக்கும் தெரிவிப்போம். ஊருக்குச் சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவேன்? பின்னாடி நோவுன்னா?"

பிறகு டெல்மர் தணிந்த குரலில் சொன்னார். "நேத்து என் தம்பி வந்தான். அடுப்படியில நின்னு அழுதான். 'அண்ணே, வாய்க்கால் உன் பக்கமே போகட்டும்'னான். பதினோரு வருஷம் கழிச்சு. இப்ப நான் சாகலைன்னா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஆர்லிஸுக்கு ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. "பாருங்க, அதுவாவது நல்லதா…"

"ஆர்லிஸ்." அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது. "அவன் வந்தது நல்லதுதான். ஆனா அவன் செத்துப்போற ஒருத்தனப் பாக்க வந்தான், என்னப் பாக்க வரல. எனக்கு என்னன்னு அவன்கிட்ட நானே சொல்லியிருப்பேன். என்னிக்குன்னு தெரியாது. ஆனா அது நான் சொல்ல வேண்டியது."

ஆர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நூற்றுக்கு நூறு வாங்கிய எந்தத் தேர்விலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அவளுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத விடுப்பும் பயிற்சி வகுப்பும் விதித்தார்கள். அவள் முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டாள். அன்றே போதகரைப் போய்ப் பார்த்து, சம்பந்தப்பட்டவர் கேட்காமல் இனி யார் பெயரையும் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். போதகர் தயங்கினார். "அப்ப பட்டியல் பாதியாயிடுமே" என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மறு ஞாயிறு டெல்மர் தேவாலயத்துக்கு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். மரணத்தை நின்றபடி எதிர்கொள்கிறார் என்று இரண்டு பேர் கண்கலங்கினார்கள். ஜெப நேரத்தில் அவரே வாயைத் திறந்தார்.

"எனக்கு மூலம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சாகப்போறதில்ல. ஹாட்டிஷ் எல்லாம் நல்லா இருந்துச்சு, கடைசியா வந்த டுனா மீன் போட்டது தவிர. இயந்திரம் விக்கிறதுக்கில்ல."

முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு சபையே சிரித்தது. ஓரின் மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனான். டெல்மர் அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை முடிந்து டெல்மர் வீடு திரும்பியபோது ஓரின் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில், வலிக்காமல் உட்கார நடுவில் ஓட்டை விட்ட ஒரு சின்னத் திண்டு. பழையது.

"மூணு வருஷம் முன்னாடி எனக்கும்தான்" என்றான். "ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு யார் சொன்னா?" என்றார் டெல்மர்.

வாய்க்காலைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆனால் பேசுகிறார்கள்.

நவம்பரில் மறுபரிசோதனைக்கு வந்த டெல்மர் ஜன்னலில் குனிந்து கிசுகிசுத்தார். "செவ்வாக்கெழம ஓரின் வண்டி இங்க நின்னுச்சாமே. என்னவாம் அவனுக்கு?"

"சொல்ல முடியாது டெல்மர்."

"நான் அவன் கூடப்பொறந்தவன்."

"வந்தாங்களா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேன்."

டெல்மர் முறைத்தார். பிறகு காத்திருப்பு அறையின் நடுவில் வசதியாக உட்கார்ந்து, கைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்து, டிராக்டர் சத்தத்துக்குப் பழகிய குரலில், "டேய், ஒனக்கு என்னடா ஒடம்புக்கு?" என்று கேட்டார். சுற்றியிருந்த ஐந்து பேரும் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள்.

ஆர்லிஸ் எட்டி, வானொலியில் வானிலை அறிக்கையின் சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.