மிதிபட்டவர் சொன்ன ஸாரி

1

இந்தக் கதை என் கால் கட்டைவிரலில் பிறந்தது. கதை எழுதும் மாலை வகுப்பின் இடைவேளையில் தேநீர் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவர் பின்வாங்கி என் காலை நன்றாக மிதித்தார். "ஸாரி" என்றேன். மிதிபட்டவள் நான்! மிதிபட்டவரே ஸாரி சொல்லும் இந்த இங்கிலாந்து மாவட்டம் என்னை எப்போது விழுங்கியது என்று யோசித்தபடி தேநீரைச் சிந்திக்கொண்டேன். கதை எழுதினால்தான் ஆறும் என்று தோன்றியது.

2

முதல் வரி, முயற்சி ஒன்று: "காவல் ஆணையர் ஹெஸ்டர் லம்பி தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு…"

வேண்டாம். அவருக்குத் தொப்பி கிடையாது. ஆணையர் என்றதும் நமக்கு விறைப்பான சீருடையும் சுழல்விளக்கு வண்டியும் கண்ணில் வரும். இங்கே அது தேர்தல் பதவி; ஹெஸ்டர் ஓட்டு வாங்கி ஜெயித்தவர். அதற்குமுன் ஓல்தர்பி ஊரின் கால்நடை மருத்துவர். காவல்துறைக்குப் பணம் ஒதுக்கலாம். அதன் தலைவரைக் கேள்வி கேட்கலாம். ஒரு பூனையைக்கூடக் கைது செய்ய முடியாது.*

முயற்சி இரண்டு: "ஓல்தர்பி காவல் நிலையத்தின் கதவு மூடப்படாது என்று ஹெஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார்."

இது இருக்கட்டும்.

காவல்துறைத் தலைவர் அவரிடம் சொன்னார்: "கட்டடம் உங்க பொறுப்பு, மேடம். கதவ தாராளமா தொறந்து வைங்க. உள்ள உக்கார வைக்கத்தான் எங்கிட்ட ஆள் இல்ல."

ஹெஸ்டர் தலைகீழாக நின்று ஒரு வழி கண்டுபிடித்தார். தன் அலுவலகச் செலவைக் குறைத்து, அங்கே ஓர் எழுத்தரை உட்கார வைப்பது. அந்த நல்ல செய்தியோடுதான் தேவாலயக் கூடத்தில் நடந்த ஊர்க் கூட்டத்துக்கு வந்தார்.

*ஓட்டுப் போட்டவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. போடாதவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் போடவில்லை.

3

நார்மன் பிளெங்கினின் ஆணி, வாளிக் கடையும் காவல் நிலையமும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. அப்படியிருந்தும் இரண்டு முறை கடையில் திருட்டு. நிலையம் போனால் கடையையும் விற்றுவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

அவர்தான் கூடத்தில் நாற்காலி அடுக்கினார். அப்படியே பின்வாங்கியவர், கனத்த பூட்ஸால் ஹெஸ்டரின் பாதத்தை மிதித்தார். மிதித்தது அவருக்கே தெரியாது.

"ஸாரி, நார்மன்" என்றார் ஹெஸ்டர்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் வாயிலிருந்து என்ன வரும் என்றுதானே எல்லோரும் காத்திருந்தார்கள்? வந்துவிட்டது; நிலையம் போயிற்று என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"பரவால்லம்மா. நீயும் முட்டிமோதிப் பாத்துட்ட" என்றார் நார்மன். "எங்க நாயக் காப்பாத்தின மாதிரி இதையும் காப்பாத்திடுவேன்னு நெனச்சேன்."

"நாய் செத்துப்போச்சுங்க" என்றாள் அவர் மனைவி பெரில்.

"அது வேற விஷயம், பெரில்! நாளைக்குக் காலைல கடைச் சாவிய ஏஜென்ட்டுகிட்ட குடுத்துடறேன்."

"இல்ல நார்மன், நான் சொன்னது வந்து—"

"போதும்மா. ஒரு தடவ ஸாரி கேட்டதே பெருசு."

பெரில் ஒரு துண்டு எலுமிச்சை கேக்கை ஹெஸ்டரின் கையில் திணித்தாள். ஊர் வரிசையாக வந்து துக்கம் விசாரித்துவிட்டுக் கலைந்தது.

4

"ஹெஸ்டர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டார். (அவர் வெளியூர்.)

எப்படிச் சொல்வது? 'நீங்கள் என் காலை மிதித்தீர்கள், அதற்குத்தான் ஸாரி' என்றால், நார்மன் ஊர் நடுவே ஒரு பெண்ணின் காலை மிதித்தவர் ஆகிவிடுவார். ஒரு மனிதரைக் கூச்சப்பட வைப்பதைவிடக் காவல் நிலையத்தை இழப்பது மேல் என்று நினைக்கும் ஊர் இது. வீட்டுக்குப் போய் ஹெஸ்டர் போன் செய்யத்தான் செய்தார். பெரில் எடுத்தாள். மழையைப் பற்றிப் பேசினாள், ஆறுதல் சொன்னாள், வைத்துவிட்டாள்.

இவ்வளவு கூச்சப்படுகிற பெண் தேர்தலில் எப்படி ஜெயித்தார் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. (எதிர்த்து நின்றவர் இன்னும் கூச்சக்காரராக இருந்திருக்க வேண்டும்.)

5

முடிவு அ: ஹெஸ்டர் நடுத்தெருவில் நின்று உண்மையை உரக்கக் கத்துகிறா… [அடித்துவிட்டேன். அவரால் முடியாது.]

முடிவு ஆ: அவர் நொண்டுவதைப் பார்த்து நார்மன் தானே புரிந்துகொள்கிறார். [அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை. நார்மன் சாவியோடு கடையைவிட்டு வெளியே வருகிறார். நொண்டியபடி ஹெஸ்டர் உள்ளே நுழையப் போகிறார். இரண்டு பக்கமும் துடைப்பமும் வாளியும் தொங்கும் குறுகிய வாசல், ஒருவர்தான் போகலாம். எதிர்வரிசையில் 'விற்பனைக்கு' பலகையோடு ஏஜென்ட் நிற்கிறார். நார்மன் முந்தினால் சாவி அவர் கைக்குப் போய்விடும். ஹெஸ்டர் முந்தினால் நல்ல செய்தி கடைக்குள் போய்விடும்.

"நீ மொதல்ல வாம்மா."

"சேச்சே, நீங்க மொதல்ல, நார்மன்."

"கால் வேற நொண்டற. நீ வா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க வாங்க."

ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கதையைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். ஒருவரை அனுப்ப இன்னொருவரை நான் இடிக்க வேண்டும். நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன், கை வரவில்லை. நீங்கள் வெளியாள். வாருங்கள். இருவரில் ஒருவரை முதுகில் லேசாகத் தள்ளிவிடுங்கள்.

தள்ளியதும் உங்கள் வாயில் ஒரு வார்த்தை வரும். தயவுசெய்து அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.