கட்டைவிரல் தெரியும் படங்கள்

சித்தி அலமாரியில் இருந்த அம்மாவின் புடவைகளையெல்லாம் கட்டிலில் இழுத்துப் போட்டாள். "எத உடுத்தறது? வண்டி வந்துடும். உங்கம்மாவுக்கு எது பிடிக்கும், சொல்லுடி."

மூத்தவளுக்குத் தெரியவில்லை. தங்கைக்குப் பிடித்தவை என்றால் சொல்லிவிடலாம். அவை சமையலறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தன: டீ, தண்ணீர், ஊஞ்சல், பக்கத்து வீட்டுப் பூனை. பேச்சு வராத சின்னவளுக்காக அம்மா எடுத்து அட்டையில் ஒட்டிய படங்கள். எல்லாப் படத்தின் ஓரத்திலும் அம்மாவின் கட்டைவிரல் விழுந்திருக்கும். "பூனையப் படம் எடுக்கச் சொன்னா விரல எடுத்திருக்கா" என்று அப்பா இருந்தவரை கேலி செய்வார்.

இருபத்து நான்கு வருஷமாக, கைக்கு ஒன்றாக இரண்டு அட்டைகளைப் பிடித்துக்கொண்டு அம்மா தங்கை முன்னால் நிற்பாள். அவள் ஒன்றைத் தொடும்வரை கையை இறக்கமாட்டாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி. மூத்தவளுக்குத் தட்டில் விழுந்ததுதான் சாப்பாடு. பதினொரு வயதில் ஒருமுறை, "எனக்கும் காட்டும்மா" என்று போய் நின்றாள்.

"வாய் இருக்கற புள்ளைக்கு எதுக்குடி அட்டை?" அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் அவள் கேட்கவேயில்லை.

"நீலம்" என்றாள் இப்போது சித்தியிடம், குத்துமதிப்பாக.

முன்னறையில் சின்னவள் அம்மாவின் முகத்துக்கு நேரே இரண்டு அட்டைகளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காலையில் அம்மாவுக்கு மூச்சு நின்றதிலிருந்து இது மூன்றாவது தடவை. வந்திருந்தவர்கள் விம்மினார்கள். மூத்தவளுக்கு அழுகை வரவில்லை. இப்பவும் இவங்க ரெண்டு பேருக்குள்ளதான், என்று நினைத்தாள். நினைத்ததும் காது சுட்டது.

"போய் அவளக் கூட்டிட்டு வா. உங்கம்மாவுக்குத் துணி மாத்தணும்" என்றாள் சித்தி.

கிட்டே போவதற்குள் சின்னவளே திரும்பினாள். அட்டைகளும் அவளோடு திரும்பின. டீ. தண்ணீர். இரண்டின் ஓரத்திலும் அதே கட்டைவிரல்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"என்னடி மசமசன்னு நிக்கறே? ஏதாவது ஒண்ணத் தொட்டுட்டு வாயேன்!" என்றாள் சித்தி.

மூத்தவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. எது வேண்டும் என்று தெரியும். சின்னவளின் கைகள் இறங்கவில்லை. தொட்டால் இறங்கிவிடும். மூத்தவள் தன் கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.