இறங்கிய நிலம்

சுனாமி வந்து இரண்டு வருஷமாகியும் தீவில் கராச்சர்மா ஊருக்குக் கீழே இருந்த வயல்களை விட்டுக் கடல் போகவில்லை. ஏன் என்று விளக்க மெயின்லேண்டிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். அவர் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் சொல்லும் வேலை தமிழரசிக்கு. தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து அவள் எடுத்த முதல் கூட்டம் அது.

"கடல் ஏறல. பூகம்பத்துல நம்ம பூமிதான் எறங்கிருச்சு" என்றாள்.

முன்வரிசையில் இருந்த அவளுடைய சித்தப்பா காத்தமுத்து எழுந்தார். அவருடைய நெல் வயல் முழுக்க உப்புத்தண்ணீரில் கிடந்தது.

"எறங்குனது திரும்ப ஏறுமான்னு சாஹிப்கிட்ட கேளு தாயி."

கேட்டாள். விஞ்ஞானி தயங்கினார். மெல்ல மெல்ல ஏறும், ஆனால் பல தலைமுறை, இருநூறு வருஷம்கூட ஆகலாம் என்றார். தமிழரசி ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னாள். இருநூறு வருஷம் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாளே காத்தமுத்து வரப்பை உயர்த்த ஆரம்பித்துவிட்டார். "பூமி ஏறுமாம். சயின்டிஸ்ட் சாஹிப்பே சொல்லிட்டாரு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

தமிழரசி பதறிப்போய் ஓடினாள். "சித்தப்பா, நம்ம காலத்துல ஏறாது. பேரன் காலத்துலயும் ஏறாது."

"ஏறும்னுதானே சொன்ன?"

"சொன்னேன். ஆனா..."

"அப்புறம் என்ன?" மண்வெட்டியை ஓங்கினார்.

சித்தி அமிர்தவல்லி அவளைத் தனியே இழுத்துப் போனாள். "எனக்குப் புரிஞ்சுதும்மா. ஆனா விட்டுடு. ரெண்டு வருஷமா சுவத்தப் பாத்துப் படுத்துக் கிடந்த மனுஷன், இப்பத்தான் எந்திரிச்சு வேலைக்கி வந்திருக்காரு."

புடவையைச் செருகிக்கொண்டு தமிழரசியும் மண் சுமந்தாள். வரப்புக்குள் நின்ற தண்ணீரை இறைத்த பிறகு, மழையில் உப்பு கரைந்துவிட்டது என்று சொல்லிக் காத்தமுத்து நட்ட நாற்று ஒரு விரல் உயரம் பச்சை பிடித்தது.

பௌர்ணமியன்று கடல் வந்தது. வரப்பு அசையக்கூட இல்லை. தண்ணீர் அதன் தலைக்கு மேலேயே சத்தமில்லாமல் வழிந்து வயலில் இறங்கியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்று கண்ணுக்குத் தெரியவில்லை.

காத்தமுத்து காலைக் கழுவிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

"அடுத்த தடவ சாஹிப் வந்தா கேட்டு வையி தாயி," என்றார், "எந்த வருஷத்துல இருந்து ஏற ஆரம்பிக்கும்னு."

"சரி சித்தப்பா" என்றாள் தமிழரசி.