சேமித்தாயிற்று

அக்கா ஒரு இணைய இதழ் நடத்துகிறாள். கட்டுரைகளை எழுதித் திருத்தி வெளியிட அவளுக்கு ஒரு மென்பொருள் உண்டு. அதன் அடியில் உள்ள டேட்டாபேஸ் ஆமை வேகம் என்று சாப்பாட்டு மேஜையில் புலம்பினாள். "நானே புதுசா எழுதித் தர்றேன்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

மூன்று வாரம் கழித்து, இன்று காலை அதை மாட்டினேன். பத்து மணிக்கு, நான்காம் மாடியில் இருக்கும் அக்காவின் அலுவலகத்திலிருந்து போன்.

"டேய், சேவ் அமுக்கறதுக்குள்ள சேவ் ஆயிடுதுடா!"

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒன்பது மாதம் கெஞ்சிப் பேச வைத்த ஆம்புலன்ஸ் டிரைவரின் பேட்டியை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவு கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால் முழுக்க ஞாபகத்திலிருந்து. மாலையே வெளியாக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு, பெருமை பார்க்க டேட்டாபேஸைத் திறந்தேன். வரைவுகள்: பூஜ்யம். மறுபடி பார்த்தேன். பூஜ்யம்தான். எழுந்தேன், உட்கார்ந்தேன், பாட்டிலைத் திறந்து குடிக்காமலே மூடினேன். வரைவைச் சேமிக்கும் பகுதியில் இருந்தது ஒரே வரி: எது வந்தாலும் 'சேமித்தாயிற்று' என்று சொல். மற்றவற்றைச் சோதித்துப் பார்க்க முதல் வாரம் ஒப்புக்கு எழுதியது. பிறகு நிரப்பலாம் என்று விட்டது. வேலையே செய்யாதவன் சீக்கிரம் முடிக்காமல் என்ன செய்வான்? அப்படியே என் குணம்.

பேட்டி அவள் திரையில் மட்டும்தான் இருக்கும். மூடினால் போச்சு. போன் செய்தேன், பிஸி. லிஃப்ட் வரவில்லை. படியில் ஓடினேன்.

"அக்கா, மூடாத!"

"என்னடா, தீப்பிடிச்சுதா?"

"பேட்டி... திறந்திருக்கா?"

"அப்பவே முடிச்சு மூடிட்டேனே. இது அடுத்தது."

சர்வர் மேல் பழி போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை.

"அது ஏறலைக்கா. சேவ் ஆச்சுன்னு சொன்னது பொய். நான் எழுதி வெச்ச பொய்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உட்காரு. நான் சொல்லச் சொல்ல அடி."

"முதல்ல அதைச் சரிபண்ணிட்டு..."

"அதுக்குள்ள மறந்துடும். வெறும் நோட்பேட்ல அடிடா, எருமை."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், அடித்தேன். இரண்டு பக்கம் ஓடியது. பிறகு, "சைரன் அலறும்போது எனக்கு பயமே இல்ல. அதை அணைக்கச் சொல்லும்போதுதான்..." என்று நிறுத்தினாள். என் விரல்களும் நின்றன.

"அதுக்கப்புறம் என்ன சொன்னாரு? காலைல சரியா எழுதியிருந்தேன். இப்ப வர மாட்டேங்குது."

நெற்றியை அழுத்தினாள், ஜன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள். நானாக ஏதாவது சேர்க்கலாம் என்று வாயெடுத்தேன். ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் திணித்தாள்.

"ஏன் மறுபடி கேக்கறோம்னு நீயே அவர்கிட்ட சொல்லு."

மறுமுனையில் எடுத்தார்கள்.

"ஐயா, வணக்கம்" என்றேன். "நேத்து உங்ககிட்ட பேசினவங்களோட தம்பி பேசறேன். ஒரு தப்பு பண்ணிட்டேன்..."