கணக்கில் ஆறு குறைவு

அட்மிஷன் வரிசையில் சோனியாவுக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கவுண்டரில் எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து நிமிடம். சிலருக்கு ஆறு.

அவளுக்குப் பின்னால் அப்பா கோவிந்தன், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இன்றைக்கு லீவு போட்டிருந்தார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிவாஜிநகரில், இந்த மகளிர் பியூ கல்லூரிக்குப் பின்தெருவில். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் பக்கமாக சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டாலும், மகள் பிளஸ் ஒன் படித்தால் இங்கேதான் என்று அவள் ஐந்தாவது படிக்கும்போதே சொல்லிவைத்திருந்தார்.

"கால் வலிக்குதா மா? அப்டி போய் உக்காரு, நான் நிக்கிறேன்."

"இல்லப்பா. பரவால்ல."

சோனியா எஸ்எஸ்எல்சியில் கணக்குப் பாடத்தில் தோற்றிருந்தாள். அது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, தோழி லவினாவுக்கு, சந்தாபுராவில் சைபர் சென்டர் வைத்திருக்கும் வெங்கிக்கு. அப்பாவுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் பாஸ். கணக்கில் மட்டும் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு இருபத்திரண்டு. பாஸாக இன்னும் ஆறு மார்க் வேண்டும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் வந்தது. கம்பெனியில் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பின்னால் மெஷின் சத்தம், அவரோடு வேலை செய்கிறவர்களின் குரல்கள்.

"பாஸ்தானே கண்ணு?"

"ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்தப் பக்கம் கைதட்டினார்கள். "மதலைமுத்து, கேட்டியாடா!" என்று அப்பா கத்துவது கேட்டது. சாயங்காலம் வரும்போது மைசூர்பாகு டப்பா வாங்கிவந்து தெருவில் எட்டு வீட்டுக்குக் கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மூன்றாம் நாள் அவர் மார்க் ஷீட் கேட்டார். லவினா அவளை வெங்கியிடம் கூட்டிப்போனாள். அவன் எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் இருபத்திரண்டை ஐம்பத்தொன்று ஆக்கி, கூட்டுத்தொகையையும் திருத்தி, போனுக்கு அனுப்பிவைத்தான். "மாட்னா என் பேர இழுக்காத" என்றான்.

ரக்ஷா மிஸ் நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தார். கணக்கு ஆசிரியை அவர்தான். சோனியா அந்த நம்பரை பிளாக் செய்தாள். அதற்கு முன்பே ஒரு மெசேஜ் வந்துவிட்டிருந்தது. தோற்றவர்கள் மறுபடி எழுதும் இரண்டாவது தேர்வுக்குப் பெயர் கொடுக்க செவ்வாய்க்கிழமை நாலு மணி கடைசி, அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும், பயப்படாமல் வா.

இன்று செவ்வாய்க்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால்.

இப்போது ஏழு பேர். கவுண்டருக்குள் இருந்தவர், "ரிஜிஸ்டர் நம்பர் ஹேளம்மா" என்று ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் சொன்ன நம்பரை டைப் செய்தார். கம்ப்யூட்டர் திரையில் ரிசல்ட் பக்கம் திறந்தது. சோனியா இருந்த இடத்திலிருந்தே அந்தப் பச்சைக் கட்டங்கள் தெரிந்தன.

"நம்பர் போட்டே பாக்கறாங்களா?" என்று முன்னால் நின்ற அம்மாளிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. போன வருஷம் யாரோ போலி மார்க் ஷீட் குடுத்துட்டாங்களாம். இப்ப காகிதத்தையே தொடறதில்ல."

"நம்ம பாப்பாவுக்கு அந்தக் கவல இல்ல" என்றார் அப்பா. அவளுடைய போனை வாங்கி, வெங்கி அனுப்பிய படத்தைத் திறந்து அந்த அம்மாளிடம் காட்டினார். "பாருங்க, கணக்குல அம்பத்தொண்ணு. கணக்குதான் இவளுக்குக் கொஞ்சம் பேஜாரு. அதுலயே அம்பது தாண்டிட்டா."

"நல்ல மார்க்" என்றார் அந்த அம்மாள்.

நான்கு பேர். மூன்று பேர். எதைச் செய்தால் தப்பலாம் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. மயக்கம் வருகிறது என்று உட்கார்ந்துவிடலாம். நம்பர் மறந்துபோச்சு என்று சொல்லலாம். இப்படியே வெளியே நடந்து, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அது நிற்கும் இடம்வரை போகலாம். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்க அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த அம்மாளின் வேலை முடிந்தபோது மணி ஒன்றரை. கவுண்டரில் இருந்தவர் எழுந்து டிபன் பாக்ஸை எடுத்தார். "ஊட்ட ஆத மேலே பன்னி" என்றார், சாப்பாட்டுக்குப் பிறகு வரச்சொல்லி. சோனியாவுக்கு மூச்சு வந்தது. ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது.

அப்பா அவளைத் தாண்டி முன்னால் போய் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சார், நாவு சந்தாபுரதிந்த பந்திதீவி. இவளொப்பளே சார். ஐது நிமிஷ." சந்தாபுராவிலிருந்து வருகிறோம், இவள் ஒருத்திதான் என்று கெஞ்சினார். ஃபைலைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கையைக்கூடக் கூப்பினார். அந்த மனிதர் பெருமூச்சு விட்டு, டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ரிஜிஸ்டர் நம்பர்?"

"சொல்லு மா" என்றார் அப்பா.

சோனியா வாயைத் திறந்தாள். நம்பர் அவளுக்கு மனப்பாடம். வெளியே வரவில்லை.

"சார் காத்துட்டு இருக்காரு பாரு. சொல்லு."

"போலாம்பா."

"என்னாச்சு?"

"நான் பாஸ் ஆவலப்பா."

அவர் முதலில் சிரித்தார். போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுல இருக்கே மா."

"அது நெஜம் இல்ல. சைபர்ல போட்டுக் குடுத்தது. கணக்குல இருபத்திரண்டுதான். பெயிலு."

கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். ஃபைலை அப்பாவின் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அப்பா ஃபைலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களைப் பார்க்காமல் வெளியே நடந்தார். சோனியா பின்னாலேயே ஓடினாள்.

பைக்குக்குப் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் போடவில்லை.

"நாலு மணிக்குள்ள ஸ்கூலுக்குப் போனா மறுபடி எழுதலாம்பா. நீ வந்து கையெழுத்து போடணும்."

அவர் சாவியைப் போட்டார். வண்டியை எடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக வழியில் இருப்பதையெல்லாம் காட்டிப் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர். இன்று ஓசூர் ரோடு முழுக்க அவர் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மடிவாளாவில் ஓர் இளநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நடந்துபோனார். எங்கே என்று சொல்லவில்லை.

மணி இரண்டேகால். சிறுநீர் கழிக்கப் போயிருப்பார் என்று நினைத்தாள். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. அவருடைய போன் ஃபைலுக்குள் இருந்தது. அது அவள் மடியில் இருந்தது. அம்மா காந்தா எலக்ட்ரானிக் சிட்டி கேன்டீனில் இந்த நேரத்துக்குப் பாத்திரங்களோடு இருப்பாள், போன் எடுக்க மாட்டாள். இரண்டு நாற்பது ஆனது. ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி சடாரென்று பிரேக் போட்ட சத்தத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

இளநீர்க்காரியிடம் வண்டியைக் காட்டி, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மருந்துக்கடை, செருப்புக்கடை, டீக்கடை என்று ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தாள். நீலச் சட்டை போட்ட ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வேறு யாரோ. "யாக்கம்மா?" என்றார், ஏன் என்று புரியாமல். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், நடைபாதைக் கல்லில் அப்பா உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை முகத்தில் வைத்திருந்தார். அவள் எதிரே போய் நின்றாள்.

"நாளைக்கு கம்பெனிக்குப் போய் என்னன்னு சொல்லுவேன்?" என்றார், அவளைப் பார்க்காமல். "அத்தன பேருக்கு ஸ்வீட் குடுத்தேன். அந்தக் கவுண்டர்ல கையெடுத்துக் கும்பிட்டேன். நீ பக்கத்துல நின்னு பாத்துட்டுதான இருந்த?"

அவள் அழுதாள்.

"என்னப் பாத்தா அவ்ளோ பயமா உனக்கு? ஒரு தடவ அடிச்சிருக்கனா?"

"அடிச்சிருந்தா சொல்லியிருப்பேம்பா."

அவர் நிமிர்ந்தார்.

"போன்லயே எல்லாரும் கைதட்டிட்டீங்க. வீட்டுக்கு சிரிச்சிட்டே வந்த. நாலு நாளா சிரிச்சிட்டே இருந்த. அந்த மூஞ்சியப் பாத்து எப்டிப்பா சொல்றது?"

இரண்டு பஸ்கள் வந்து போயின. பிறகு அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"மணி என்ன?"

"மூணு."

"நட, ஸ்கூலுக்குப் போலாம்" என்று எழுந்தார்.

சில்க் போர்டு சந்திப்பில் இருபது நிமிடம் அசையாமல் நின்றார்கள். மேம்பாலத்தின் கீழே வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அப்பா இடுக்குகளில் வண்டியைச் செலுத்தினார், ஓர் இடத்தில் நடைபாதைமேலேயே ஏற்றினார். இதுவரை அவர் அப்படி ஓட்டி அவள் பார்த்ததில்லை. பொம்மசந்திராவைத் தாண்டும்போது மூன்று ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது நான்கு பன்னிரண்டு.

ஆபீஸ் அறை பூட்டியிருந்தது.

சோனியா பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா மாடிப்படியில் ஏறி ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினார். திரும்பிவந்தபோது கூடவே ரக்ஷா மிஸ், கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய கோலத்தில்.

"நாலு நாளா எங்கடி போன?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு கன்னடத்தில் படபடவென்று பேசினார். "கம்ப்யூட்டர் பண்றவரு பஸ் ஸ்டாப்ல இருக்காரு, வர்றாரு. நாலு மணிங்கறது நாங்க வச்ச டைம். வெப்சைட் அஞ்சர வரைக்கும் திறந்திருக்கும்."

கம்ப்யூட்டர்காரர் வந்தார். பூட்டைத் திறந்தார். வெப்சைட் இரண்டு முறை உள்ளே விடவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா நகத்தைக் கடித்தார். ஐந்து மணிக்குச் சற்று முன்பு பக்கம் திறந்தது. அவர் அச்சடித்துக் கொடுத்த தாளை அப்பா முழுக்கப் படித்தார். 'தேர்ச்சி பெறாத பாடம்' என்று இருந்த இடத்தில் சிறிது நேரம் விரல் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தடவ தேறிடுவாளா மிஸ்?"

"சத்தியமா தெரியாது சார். ஆறு மார்க்தான் குறைவு. தினம் காலைல கிளாஸ் வைக்கிறேன், வந்தா வாய்ப்பிருக்கு."

"இதுலயும் போச்சுன்னா?"

"அடுத்து மூணாவது தேர்வு இருக்கு. அதுலயும் ஆவலன்னா அடுத்த வருஷம் கணக்கு மட்டும் எழுதலாம். திறந்தநிலைப் பள்ளி இருக்கு. ஐடிஐ பத்தி விசாரிக்கலாம். ஒவ்வொண்ணா பாத்துக்கலாம். இவ வராம இருந்தாதான் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று இரவு அம்மா சோனியாவை ஓர் அறை விட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடி" என்று அழுதாள். அப்பா மறுநாள் கம்பெனிக்குப் போய் எல்லாரிடமும் தானே சொன்னார். அதை மதலைமுத்து வந்து சொல்லித்தான் வீட்டில் தெரிந்தது. இரண்டு பேர் கேலி செய்தார்களாம். ஒருத்தர் மட்டும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பையனுக்கும் இரண்டு பாடம் போயிருக்கிறது, மூன்றாவது தேர்வுக்குப் பதிய எங்கே போக வேண்டும் என்று கேட்டாராம்.

முதல்நாள் காலை வகுப்புக்குப் போனபோது அங்கே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். மூன்று வாரம், தினம் ஏழு மணிக்கு வகுப்பு. ரக்ஷா மிஸ் முழுப் புத்தகத்தையும் நடத்தவில்லை. வரைபடம், புள்ளியியல், இரண்டு தேற்றம், அவ்வளவையும் திரும்பத் திரும்பப் போட வைத்தார். தேர்வு அறையில் முதல் பத்து நிமிடம் சோனியாவுக்கு எழுத்துகள் அசைந்தன. வரைபடத்தாளைக் கேட்டு வாங்கி, அதில் கோடு போட ஆரம்பித்த பிறகுதான் அவை நின்றன.

ரிசல்ட் வந்த அன்று அவள் தன் போனை நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. தன் போனில், ரிஜிஸ்டர் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அவரே அடித்தார். அது அவளுக்கு வலித்தது.

எழுத்துத் தேர்வில் முப்பது. பாஸ்.

அவர் அதைப் பார்த்தார், பக்கத்தை மூடினார், மறுபடி நம்பரை அடித்துப் பார்த்தார். அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டார்.

சிவாஜிநகர் கல்லூரியில் இடம் முடிந்துவிட்டிருந்தது. அத்திபெலேயில் அரசு பியூ கல்லூரியில் காமர்ஸ் கிடைத்தது. ஆகஸ்டில் முதல் டெஸ்ட் வைத்தார்கள். அக்கவுண்டன்ஸியில் ஐம்பதுக்குப் பதினான்கு. பாஸாக இன்னும் மூன்று மார்க் வேண்டியிருந்தது.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் அடியில் வைத்தாள். வீடு வந்ததும் வெளியே எடுத்தாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"பெயிலுப்பா" என்றாள்.

கோவிந்தன் அதைப் படித்தார். பிறகு அவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரலில் கத்த ஆரம்பித்தார். போன் நோண்டுவதிலிருந்து லவினாவோடு சுற்றுவதுவரை ஒன்றையும் விடவில்லை. காந்தா சமையலறையிலிருந்து ஓடிவந்து டிவியை அணைத்தாள். சோனியா சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். கண்ணில் நீர் வந்தது. ஆனால் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

கத்தி ஓய்ந்ததும் அவர் கையை நீட்டி, "பேனா குடு" என்றார். தாளின் மூலையில் பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.