மூடி போட்ட டப்பா

எழுபத்தெட்டாம் வருஷம், செங்கம் சாலையில் இருந்த ஒரு காயலான் கடையில் பாஞ்சாலைக்குக் குப்பை பிரிக்கும் வேலை. காகிதம் நனைந்தால் எடை கூடும், எலும்பு வெயிலில் நாறும், டியூப்லைட் கண்ணாடி கையைக் கிழித்தாலும் உடனே தெரியாது. எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மருந்து டப்பாவை அவள் மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். அந்தத் திங்கட்கிழமை அவளுக்குக் கடும் ஜலதோஷம்.

கூட வேலை செய்த தனம், மூடியோடு இருந்த தகர டப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, தண்ணி புடிச்சு வைக்க எடுத்துக்கட்டா?"

பாஞ்சாலை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "எண்ணெ டப்பாதான். கழுவிட்டு வெச்சுக்கோ."

மதியமே தனம் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணி வாக்கில் அந்த டப்பா வந்த மூட்டையின் அடியைக் கொட்டியபோது கிழிந்த லேபிள் ஒன்று விழுந்தது. பாஞ்சாலைக்குப் படிக்கத் தெரியாது, படம் புரிந்தது. மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவில் அவள் பார்த்திருக்கிற படம்.

லேபிளை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். செருப்பு எங்கே அறுந்தது என்று தெரியவில்லை. நான் சொல்லித்தானே எடுத்தாள், நான் சொல்லித்தானே எடுத்தாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தனத்தின் மகள் வள்ளி, ஐந்து வயசுக் குழந்தை, வாசலில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது.

"வெயில்ல ஆடிட்டு வந்து தண்ணி குடிச்சாக்கா. அப்பலேர்ந்து இப்படித்தான்" என்றாள் தனம்.

"அந்த டப்பாத் தண்ணியா?"

"ஆமா."

"வெசம்டி அது! புள்ளையத் தூக்கு!"

குதிரை வண்டியில் போகும்போது பாஞ்சாலை குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தாள். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில், "என்ன குடிச்சுது?" என்று டாக்டர் கேட்டதும் லேபிளை நீட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நர்ஸைக் கத்திக் கூப்பிட்டு ஊசி போட்டார். அப்புறமும் பல ஊசி. மூன்றாம் நாள் வள்ளி பன் கேட்டாள்.

அன்றைக்குத்தான் தனம் வாயைத் திறந்தாள். "நீதானேக்கா எண்ணெ டப்பான்னு சொன்ன?"

"நாந்தான்" என்றாள் பாஞ்சாலை.

மறுநாளிலிருந்து கடைக்கு எந்த டப்பா வந்தாலும் முதலில் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டாள். விலை போகாது என்று முதலாளி கத்தினார். அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.