பொருந்தாத சுவர்

மழையில் எடுத்த நெகடிவை மாசி வெயிலில் எடுத்த நெகடிவின்மேல் வைத்து, குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மலை மலையோடு பொருந்தியது. பாறை பாறையோடு பொருந்தியது. சுவர் மட்டும் இரண்டாகத் தெரிந்தது.

சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பொன்முடி மலையில் ஒரு பழைய துரை பங்களா. கூரையெல்லாம் எப்போதோ போய், பெரிய வளைவு ஜன்னல் வைத்த ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. அதை ஒரே இடத்தில் நின்று வெயிலில் ஒன்று, பனிமஞ்சில் ஒன்று, மழையில் ஒன்று என்று மூன்று படம் எடுத்து, கல்கத்தாப் பத்திரிகை ஒன்றின் போட்டிக்கு அனுப்ப வேண்டும். எழுபத்திரண்டாம் வருஷம் முழுக்க, சர்க்கார் ஆபீஸில் கோப்பு தள்ளும் இந்தச் சுந்தரராமனுக்கு அது ஒன்றுதான் பைத்தியம். காமிரா ஸ்டாண்ட் இம்மி நகரக் கூடாதென்று அதன் மூன்று கால்களுக்கும் பாறையில் உளியால் குழி வெட்டி வைத்திருந்தேன். அப்படியும் நகர்ந்துவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது. மறுபடி பொருத்தினேன். மலைமுகடு, பாறை, ஒற்றை மரம் எல்லாம் கனகச்சிதம். காமிரா நகரவில்லை. பலே என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டேன், வெட்கங்கெட்டவன். அப்புறம்தான் உறைத்தது. காமிரா நகரவில்லை என்றால் சுவர்தான் நகர்ந்திருக்கிறது.

அந்தச் சுவருக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வீடு ஒழுகுகிறதென்று, கொழுந்து பறிக்கும் மாடம்மாளும் அவள் புருஷன் வன்னியராஜும் சுவரை ஒட்டித் தாழ்வாக ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிக் குடியிருந்தார்கள். சுவர் பின்னால் சாயாமல் இருக்க ஒரு மரத்தடியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தடி ஜன்னலுக்குள் குறுக்கே தெரிந்து, மாசியில் என் முதல் படத்தைக் கெடுக்கப் பார்த்தது. "எடுத்து முடிஞ்சதும் வெச்சுடலாம்" என்று மாடம்மாளிடம் சொல்லி, நானும் அவளுமாகத் தூக்கி ஓரத்தில் போட்டோம். படம் எடுத்து முடிப்பதற்கும் கடைசி பஸ் ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஓடிவிட்டேன். சித்திரையில் மஞ்சுப் படத்துக்குப் போனபோது ஜன்னலில் தடி இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

மழைப் படம் எடுத்தது போன ஞாயிற்றுக்கிழமை. அன்று பிடித்த இடவப்பாதிப் பருவமழை ஆறு நாளாக விடவில்லை.

"இந்தக் கொட்டற மழையிலே எங்கேயாக்கும் கெளம்பறேள்? மூஞ்சி ஏன்னா இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் என் மனைவி நாகலக்ஷ்மி.

"பொன்முடிக்கு."

"பிராந்து புடிச்சிருக்கா உங்களுக்கு?"

படியிறங்கி ஓடினேன். எங்கள் வலியசாலைத் தெருவில் முழங்கால் தண்ணீர். செருப்பு ஒன்று போனது. மலையடிவாரத்தில், கல்லாறு ஸ்டாப்பில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. மேலே மண் சரிந்து கிடக்கிறதாம், அள்ளினால்தான் போகலாமாம். டிரைவர் நிதானமாக டீ குடித்தார். அந்த மனுஷனின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. மாடம்மாளும் புருஷனும் லயத்துக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும், போயிருக்க வேண்டும் என்று எந்தச் சாமி என்று இல்லாமல் வேண்டிக்கொண்டேன்.

கடைசி வளைவு திரும்பியதும் பார்த்தேன். சுவர் இல்லை.

தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மாடம்மாள் கல் குவியலுக்குள்ளிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை.

"நேத்து மத்தியானம் சாரே. நான் கொழுந்துக்குப் போயிட்டேன். இவருதான் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தாரு. ரெண்டு காலும் நசுங்கிப் போச்சு. எஸ்டேட்டு லாரியில ஏத்தி மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனாவ. உயிருக்கு ஒண்ணுமில்லியாம். காலு இருக்குமான்னு சொல்ல முடியாதாம். மாத்துத் துணி எடுக்க வந்தேன். இந்த பஸ்ஸு எறங்கும்போது போவணும்."

"மாடம்மா, அந்தத் தடியை எடுக்கச் சொன்னது நானாக்கும். திரும்ப வெக்காம ஓடினவனும் நான்தான்."

"அதுக்கென்ன சாரே, அன்னைக்கு நின்னிருந்தா பஸ்ஸு போயிருக்கும்லா." அவள் சட்டையைப் பிழிந்தாள். "அன்னைக்கே எடுத்து வெக்கலாம்னு இவரு சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். சாரு மழையிலயும் ஒண்ணு எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காவ, மறுபடி வந்து அதைத் தூக்கிக்கிட்டு நிப்பாவளே, கெடக்கட்டும்னு விட்டேன்."

அடிப்பாவி, என்னைத் திட்டித் தொலையேன், ஒரு கல்லை எடுத்து அடியேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அவள் என் தோளைப் பார்த்தாள். அங்கே காமிராப் பை தொங்குவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"எடுக்கணும்னா சட்டுனு எடுத்துக்கிடுங்க சாரே. மஞ்சு எறங்குது."

குனிந்து, கல்மேல் கவிழ்ந்து கிடந்த சோற்றுப்பானையை எடுத்தாள். பிழிந்த சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். படத்தில் விழாத தூரத்துக்கு நடந்து போய், பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் முடிப்பதற்காக மழையில் நின்றாள்.